ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷம் வேலை, ஊர்சுத்தல்... கிளம்பும் முன் இதைப் படிங்க பாஸ்!

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் டல்லி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கெய்ர்ன்ஸ் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 140 கிலோமீட்டர். அந்த ஊரின் அடையாளம் 7.9 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஒரு தங்க நிற ரப்பர் பூட்ஸ். 1950-ல் ஒரே வருடத்தில் அங்கே பெய்த மழையின் அளவு அது. நம் சென்னையில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையையெல்லாம் சேர்த்தாலும் சராசரியாக 1.4 மீட்டர்தான் தேறும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

என் காலேஜ் நண்பன் ஒருவன் அந்த பூட்ஸுக்குக் கீழே நின்று எடுத்த போட்டோவை இன்ஸ்டாவில் போட்டான். லைக் குவிந்தது. 'வாழ்றீங்க ப்ரோ', 'கொடுத்துவெச்சவன்டா' என்று கமென்ட்டுகள். அதே ராத்திரி எனக்கு அவன் அனுப்பிய வாய்ஸ் நோட் வேறு மாதிரி இருந்தது. "மச்சி, நாலு நாளா விடாம மழைடா. தோட்டத்துக்குள்ள டிராக்டரே போக முடியல. நாலு நாளா வேலை இல்ல. ஹாஸ்டல் வாடகை மட்டும் ஓடிட்டே இருக்கு."

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். காரணம், வீட்டில் இன்னும் பாதிக் கதைதான் தெரியுமாம். அவனுக்குச் சொந்த ஊர் தொட்டியம் பக்கம். அப்பா காவிரிக் கரையில் வாழை போடுகிறவர். பி.இ. முடித்து, சென்னையில் மூன்று வருடம் ஐ.டி வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியா போனவன் அங்கே செய்தது என்ன வேலை தெரியுமா? வாழைத்தார் தூக்கும் வேலை! "நம்ம தோப்புல ஒரு தார் எடுத்து வண்டில வைடான்னா முதுகு வலிக்குதும்பான்" என்று அவன் அப்பா சிரித்தாராம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பயணச் செலவுக்கு அடகுக்குப் போனது அவர் வளையல்.

இப்படி ஒரு வருடம் வெளிநாட்டில் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, கையில் காசு சேர்ந்ததும் ஊர் சுற்றுவது ஐரோப்பிய, ஜப்பானிய, கொரிய இளைஞர்களுக்குப் பழகிப்போன விஷயம். நமக்குத்தான் இந்தக் கதவு ரொம்ப நாளாகத் திறக்கவில்லை. இப்போது லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

லாட்டரிதான், ஆனால் நியாயமான லாட்டரி

ஆஸ்திரேலியா இந்தத் திட்டத்தை 1975-லேயே தொடங்கிவிட்டது. நமக்கு வாய்ப்பு வந்தது இந்தியா - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தால்தான். 2022 டிசம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வருடத்துக்கு 1,000 இந்தியர்களுக்கு 'வொர்க் அண்டு ஹாலிடே' விசா. விசாக்காரர்கள் பாஷையில் '462'. முதல் விண்ணப்பப் பதிவு 2024 அக்டோபரில் நடந்தது. அந்த ஆயிரம் இடத்துக்கு முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பதிந்துவிட்டார்கள் என்று ஆஸ்திரேலிய அரசுத் தரப்பே சொன்னது. நீட் சீட்டே பரவாயில்லை என்று தோன்றும்!

வயது 18-லிருந்து 30-க்குள் இருக்க வேண்டும். 31-வது பிறந்தநாள் வந்துவிட்டால் அவ்வளவுதான். பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஓரளவு ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, பாஸ்போர்ட், பான் கார்டு தேவை. குழந்தைகளை உடன் அழைத்துப்போக முடியாது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். குலுக்கலில் பெயர் வந்தால் 28 நாள்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் தனி, 650 டாலருக்கு மேல். ஒரு டாலருக்கு 55-லிருந்து 60 ரூபாய் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இது கம்ப்யூட்டர் குலுக்கல். ஒருவருக்கு ஒரு பதிவுதான். ஆஸ்திரேலிய அரசின் இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி, அரை மணி நேரத்தில் பதிந்துவிடலாம். 'எங்க மூலமா போட்டா சான்ஸ் அதிகம்' என்று யாராவது சொன்னால், அந்த ஏஜென்ட்டை அப்படியே பிளாக் பண்ணிவிடுங்கள். குலுக்கலில் யாராலும் உங்கள் சீட்டை மேலே தூக்கிவைக்க முடியாது.

ஆஸ்திரேலியா மட்டும்தானா என்றால், இல்லை. இங்கிலாந்திலும் 'யங் புரொஃபஷனல்ஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2023-ல் தொடங்கியது. இந்தியர்களுக்கு வருடத்துக்கு 3,000 இடம், இரண்டு வருடம் தங்கலாம். டிகிரி கட்டாயம், வங்கியில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும். குலுக்கலில் பதிவது இலவசம். ஆனால், தேர்வான பிறகு இரண்டு வருடத்துக்கான மருத்துவக் கட்டணம் மட்டுமே 1,552 பவுண்டு என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்கள். இரண்டு வருடம் முடிந்தால் நீட்டிக்கவும் முடியாது. அதைப் பற்றித் தனியாக ஒருநாள் பேசுவோம். இந்தக் கட்டுரை முழுக்க ஆஸ்திரேலியாதான்.

அந்த 5,000 டாலர்

விசாவுக்குக் கையிருப்பாக சுமார் 5,000 டாலர் காட்ட வேண்டும். அதுபோக, திரும்பி வர டிக்கெட்டோ, அதை வாங்கப் பணமோ இருக்க வேண்டும். பலரும் செய்யும் தப்பு, 'காட்டத்தானே கேக்குறாங்க' என்று நண்பர்களிடம் கைமாற்று வாங்கி, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அது சும்மா காட்டுவதற்கான பணம் இல்லை பாஸ், முதல் இரண்டு மாதச் சாப்பாடு!

எப்படி என்று பாருங்கள். அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆறு பேர், எட்டுப் பேர் அடைந்து கிடக்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு படுக்கைக்கே வாரம் 200-லிருந்து 300 டாலர் ஆகும். ஷேரிங் வீடு என்றால் நான்கு வார வாடகை அட்வான்ஸாகப் போகும். சிம் கார்டு, பஸ் பாஸ், பூட்ஸ், தொப்பி என்று சில்லறைச் செலவுகள் வரிசைகட்டும். காபி ஷாப்பில் வேலை வேண்டுமா? 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்பார்கள். பாரில் மது பரிமாற வேண்டுமானால் அதற்கென்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டட வேலைக்கு 'ஒயிட் கார்டு' வேண்டும். இரண்டுக்கும் காசு கட்டிப் படிக்கணும்.

நண்பன் சிட்னியில் இறங்கி, முதல் வேலை கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை வெஸ்ட்மெட் பக்கம், ஒரு தூரத்துச் சொந்தத்தின் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறான். வெஸ்ட்மெட், வென்ட்வொர்த்வில், டூங்காபி எல்லாம் சிட்னியில் நம்மாட்கள் நிறைந்த ஏரியாக்கள். இட்லி மாவு, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். "அங்கயே இருந்திருக்கலாம்தான். ஆனா ஒருத்தர் வீட்டு ஹால்ல எத்தனை நாள்டா படுக்கிறது? அந்த அக்கா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் சாப்பிட உட்காரும்போது கூச்சமா இருந்துச்சு" என்றான்.

88 நாள் என்ற மந்திரம்

இந்த விசாவில் இருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது வாக்கியத்தில் '88 நாள்' வந்துவிடும். முதல் விசா 12 மாதம். அடுத்த வருடமும் தங்க வேண்டும் என்றால், அரசு பட்டியலிட்டிருக்கும் சில வேலைகளைப் பட்டியலிட்ட பகுதிகளில் மூன்று மாதம் பார்த்திருக்க வேண்டும். அதுதான் 88 நாள் கணக்கு. அதன் பிறகு இன்னும் ஆறு மாதம் அப்படிப் பார்த்தால் மூன்றாவது வருடம். நல்ல செய்தி, இந்த இரண்டாவது, மூன்றாவது விசாவுக்குக் குலுக்கல் கிடையாது.

விவசாயம், மீன்பிடித் தொழில், வடக்குப் பகுதிகளில் ஹோட்டல், சுற்றுலா வேலைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கெய்ர்ன்ஸில் ஹோட்டல் அறை சுத்தம் செய்தால் கணக்கில் வரும். சிட்னியில் அதே வேலை செய்தால் வராது. அதனால் ஆளில்லாத ஊர்களை நோக்கி இளைஞர் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. அரசின் நோக்கமும் அதுதான். உள்ளூர் ஆள்கள் வராத வேலைக்கு ஆள் வேண்டும்.

இன்னொரு விதி, பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. விவசாயம் போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. 'நல்ல ஆபீஸ் வேலை கிடைச்சா அப்படியே செட்டில் ஆகிடலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். ஆறு மாதத்தில் போய்விடுகிற ஆளை எந்த ஐ.டி கம்பெனி ஆசையாக எடுக்கும்? நண்பனுக்கு இது அங்கே போன பிறகுதான் உறைத்திருக்கிறது.

தார் தூக்கினால் என்ன கிடைக்கும்?

டல்லி, இன்னிஸ்ஃபெயில் வட்டாரம்தான் ஆஸ்திரேலிய வாழையின் தலைநகரம். ரஸ்தாளி, பூவனெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், எங்கே பார்த்தாலும் கேவண்டிஷ்தான். வேலை விடிகாலையில் தொடங்கும். ஒருவர் மரத்தில் கத்தியால் வெட்டி, தாரை இறக்குவார். கீழே நிற்கிறவர் தோளில் வாங்கி, சேற்றில் நடந்து, டிரெய்லரில் வைக்க வேண்டும். ஒரு தார் 40 கிலோவைத் தாண்டும். தாருக்குள் தவளை இருக்கும், எலி இருக்கும், சில நாள் பாம்பும் இருக்கும். இந்த வேலைக்குத் தோளும் முதுகும் தயாராக இரண்டு வாரம் ஆகும். பெண்கள் பெரும்பாலும் பேக்கிங் ஷெட்டில் இருப்பார்கள். அங்கே தூக்கும் வேலை குறைவுதான். ஆனால், நாள் முழுக்க நின்றபடியே சீப்பு அறுத்து, கழுவி, பெட்டியில் அடுக்க வேண்டும்.

இடையில் ஒரு பிரேக் வரும். அதற்குப் பெயர் 'ஸ்மோகோ'. அந்தக் காலத்தில் சிகரெட் பிடிக்கக் கொடுத்த இடைவேளை, பெயர் அப்படியே நின்றுவிட்டது. அங்கே ஸ்மோகோ என்றால் நம்மூர் டீ டைம்.

சம்பளத்துக்கு வருவோம். 2025 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத 'கேஷுவல்' ஆள்களுக்கு 25 சதவிகிதம் சேர்த்துத் தர வேண்டும். ஆக, மணிக்கு 31 டாலர் சொச்சம். வாரம் 38 மணி நேரம் வேலை கிடைத்தால் சுமார் 1,185 டாலர். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவிகிதம் வரி. அது போக 1,007. ஹாஸ்டல் 230, சாப்பாடு 100, தோட்டத்துக்குப் போய்வர வண்டிக்கு 50 என்று வைத்தால், கையில் 620 டாலருக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். நம் காசுக்கு ஒரு வாரத்தில் ஏறத்தாழ 35,000 ரூபாய்! அட, சூப்பர் என்று தோன்றுகிறதா? தோன்றத்தான் செய்யும்.

ஆனால் அது வெயில் அடித்த வாரத்தின் கணக்கு. மழை வந்து மூன்று நாள்தான் வேலை என்றால், 24 மணி நேரத்துக்கு 748 டாலர், வரி போக 636. செலவு மட்டும் அதேதான். மிச்சம் 256. வேலையே இல்லாத வாரத்தில் கையிலிருந்து போகும். கேஷுவல் ஆளுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது, காய்ச்சல் வந்து படுத்தாலும் சம்பளம் கிடையாது. அங்கே மழைக்காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. புயல் வந்தால் மொத்தமும் காலி. 2006-ல் லாரி புயலும் 2011-ல் யாசி புயலும் இந்த வட்டாரத்து வாழையை அப்படியே சாய்த்துப்போட்டன. கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. முதலாளி உங்கள் பெயரில் 12 சதவிகிதம் ஓய்வூதிய நிதி கட்ட வேண்டும், நம்மூர் பி.எஃப் மாதிரி. நாட்டைவிட்டுக் கிளம்பும்போது அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால், இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவிகிதம் வரி! நூறு டாலர் சேர்ந்திருந்தால் 35 வரும். அநியாயம்தான். ஆனாலும் விண்ணப்பித்து வாங்குங்கள், அது உங்கள் தோள் வலித்த காசு.

ஏமாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு

நண்பனின் முதல் தோட்டத்தில் சம்பளச் சீட்டே கொடுக்கவில்லை. கேட்டால், "ஏபிஎன் எடுத்துட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றிருக்கிறார் கான்ட்ராக்டர். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான எண். அதை எடுத்துக்கொண்டால் நீங்கள் தொழிலாளி இல்லை, காகிதத்தில் ஒரு குட்டி முதலாளி. குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாது, ஓய்வூதிய நிதி கிடையாது, அடிபட்டால் இழப்பீட்டுக்கும் சிக்கல். தார் தூக்குகிற ஆள் எப்படி முதலாளி ஆவார்? சட்டத்தின் கண்ணில் இது மோசடி. உங்களுக்குத் தேவை டிஎஃப்என் என்ற வரி எண். அரசு இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் 45 சதவிகிதம் வரை வரி பிடித்துவிடுவார்கள்.

பழம் பறிக்கும் தோட்டங்களில் 'பக்கெட் கணக்கு' ஓடும். இத்தனை பக்கெட்டுக்கு இவ்வளவு காசு என்று. முன்பெல்லாம் புது ஆள் நாள் முழுக்கப் பறித்தும் சொற்பக் காசோடு திரும்புவார். 2022 ஏப்ரலில் விதி மாறியது. பக்கெட் கணக்காக இருந்தாலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி வந்தாக வேண்டும். இதைத் தெரியாதவர்களிடம் இன்றைக்கும் பழைய கதையே ஓடுகிறது.

இன்னொரு பொறி, 'வொர்க்கிங் ஹாஸ்டல்'. தங்க இடமும் தோட்ட வேலையும் ஒரே ஆள் தருவார். கேட்க வசதியாக இருக்கும். ஆனால், அறை சரியில்லை என்று வேறு இடம் போனால், வேலையும் போய்விடும். முதலாளியும் வீட்டு ஓனரும் ஒரே ஆளாக இருந்தால் எதைத்தான் கேட்பது? அதனால், ஆள்கள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு 88 நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறார்கள். எல்லா ஹாஸ்டலும் அப்படி என்று சொல்லவில்லை. போவதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் 'டெபாசிட் அனுப்பு, வேலை உறுதி' என்கிறவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள். குயின்ஸ்லாந்தில் ஆள் சப்ளை செய்கிற கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்ற பட்டியலை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஹாஸ்டலில் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. தீ எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா என்பதைத்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே குயின்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்ற ஊரில், 2000 ஜூன் 23-ம் தேதி ஒரு பேக்பேக்கர் ஹாஸ்டலுக்கு ஒருவன் தீ வைத்தான். 15 இளைஞர்கள் இறந்துபோனார்கள். தோட்ட வேலைக்காக வந்து தங்கியிருந்தவர்கள்தான் அங்கே அதிகம்.

சரி, ஏமாந்துவிட்டோம், என்ன செய்வது? 'புகார் கொடுத்தால் விசா போயிடும்' என்று மிரட்டுவது பழைய தந்திரம். 2024 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, விசாவைக் காட்டித் தொழிலாளியை மிரட்டி வேலை வாங்குவது குற்றம். சுரண்டலைப் பற்றிப் புகார் செய்கிறவர்களுக்கு விசா பாதுகாப்புக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து தெரிந்தே சம்பளத்தைத் திருடுவதும் கிரிமினல் குற்றம். புகார் பார்க்கிற அமைப்பின் பெயர் 'ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்'. பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் 131 450 என்ற எண்ணில் அரசு மொழிபெயர்ப்பாளர் சேவை உண்டு, தமிழிலும் பேசலாம். ஆபத்து என்றால் 000.

இதற்கெல்லாம் கையில் ஆதாரம் வேண்டும். எந்த நாள், எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எப்போது வெளியே வந்தோம் என்று போனில் தினமும் குறித்துவையுங்கள். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சீட்டுகள்தான் 88 நாளுக்கும் சாட்சி. சீட்டு இல்லாத 19 நாளை நண்பன் இழந்தான். உழைத்தது உண்மை, காட்ட ஒன்றும் இல்லை. பிறகு வேறு தோட்டத்தில் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

உடம்புக்கு முடியலைன்னா?

ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவத் திட்டமான மெடிகேர் இந்தத் தற்காலிக விசாவில் போகிற நமக்குக் கிடையாது. சில நாடுகளோடு அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆம்புலன்ஸுக்கே ஆயிரம் டாலரைத் தாண்டி பில் வரலாம். அதனால் இன்ஷூரன்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். தோட்ட வேலையும் அதில் அடங்குகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். வேலையில் அடிபட்டால், குயின்ஸ்லாந்தில் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு, அதற்கு விசா தடையில்லை. ஆனால், அடிபட்ட அன்றே டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பது நம் வழக்கம், தெரியும். அங்கே அது நஷ்டம்.

இன்னொரு விஷயம் எனக்கே புதுசு. வடக்கு ஆஸ்திரேலியாவின் ஈர மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும் பாக்டீரியா வாழ்கிறது. கால் புண் வழியாக உள்ளே போகும். 2025 தொடக்கத்தில் பெருமழைக்குப் பிறகு வடக்கு குயின்ஸ்லாந்தில் இந்த நோயால் பலர் இறந்தார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் பழகிய விவசாய வீட்டுப் பிள்ளைகளே, பூட்ஸ் கட்டாயம்! அப்படியே, ஆற்றைப் பார்த்ததும் காவிரி நினைவில் குதித்துவிடாதீர்கள். அங்கே முதலை இருக்கும்.

சொல்லாத தனிமை

தனிமையைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. டல்லிக்கும் நமக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். அவன் வேலை முடிந்து, குளித்து, போனை எடுக்கும் நேரத்தில் இங்கே எல்லோரும் ஆபீஸில் இருப்போம். நாம் ஃப்ரீ ஆகும்போது அவன் தூங்கியிருப்பான், விடிகாலையில் எழ வேண்டுமே. தீபாவளிக்கு அன்று வேலை. பக்கத்தில் யாருக்கும் அது என்ன நாள் என்று தெரியாது. பேக்கிங் ஷெட்டில் கூட வேலை செய்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி மட்டும் 'ஹேப்பி தீவாலி' என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்திருக்கிறாள். அந்த வாய்ஸ் நோட் முழுக்க அந்த பிஸ்கட்டைப் பற்றித்தான்.

அந்தக் கரையோரத்து வாழைக்கும் பஞ்சாபிகளுக்கும் பழைய உறவு என்பது உபரித் தகவல். நியூ சவுத் வேல்ஸின் வூல்கூல்கா என்ற ஊரில் சீக்கியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழை பயிரிட்டவர்கள். 1968-லேயே அங்கே குருத்வாரா கட்டிவிட்டார்கள்.

இதில் இன்னொரு கஷ்டம், வருத்தத்தை வீட்டில் சொல்லவும் முடியாது. வளையலை அடகு வைத்து அனுப்பியவர்களிடம் 'இன்னைக்கு வேலை இல்லைம்மா' என்று எப்படிச் சொல்வது? அதனால் பூட்ஸ் போட்டோ, பீச் போட்டோ. அதைப் பார்த்து 'கொடுத்துவெச்சவன்' என்று நாம் கமென்ட் போடுகிறோம். உங்கள் நண்பர் யாராவது இப்படிப் போயிருந்தால், போட்டோவுக்கு ஹார்ட் விட்டதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

அப்போ, போகவே கூடாதா?

அப்படிக் கேட்டால் நண்பனே சண்டைக்கு வருவான். மிஷன் பீச்சில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கசோவரி என்ற, ஆள் உயரப் பறவை சாலையைக் கடப்பதை நின்று பார்த்திருக்கிறான். பவளத்திட்டில் முதன்முதலாக மூச்சுக்குழாய் வைத்து நீந்தியிருக்கிறான். அவனுக்குச் சமைக்கவே தெரியாது, இப்போது எட்டுப் பேருக்கு சாம்பார் வைக்கிறான். பிரெஞ்சுப் பையன் ஒருவன் அந்த சாம்பாரை பிரெட்டில் தொட்டுச் சாப்பிடுகிறானாம். எல்லாவற்றையும்விட, "ஹைதராபாத் ஆபீஸ்ல இருந்து மேனேஜர் கூப்பிட்டா முன்னாடி கை நடுங்கும்டா. இங்க ரெண்டாவது தோட்டத்துல மூணு மணி நேரச் சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க. நேரா போய் நின்னு, போன்ல குறிச்சு வெச்சதைக் காட்டிக் கேட்டேன். கொடுத்துட்டாங்க" என்று அவன் சொன்னபோது, காலேஜில் வைவாவுக்கே லீவு போட்டவன் இவன்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், கடன் வாங்கிப் போகிற பயணம் இல்லை இது. ஒன்றரை, இரண்டு வருடம் வேலை பார்த்து, நான்கைந்து லட்சம் சொந்தமாகச் சேர்த்து, அது போனாலும் வீடு ஆடாது என்ற நிலையில் கிளம்புவது வேறு. 'அங்கே போய் சம்பாதித்து அடைத்துவிடலாம்' என்று கிளம்புவது வேறு. முதல் வகைக்கு மழை நாள் என்றால் ரெஸ்ட். இரண்டாவது வகைக்கு மழை நாள் என்றால் வட்டி. குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால், இந்த விசாவைவிட, வேலையை உறுதி செய்துகொண்டு போகிற வழிகள்தான் நல்லது. அயலகத் தமிழர்களுக்கென்று தமிழக அரசிலேயே ஒரு துறை இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்று யார் ஆஃபர் கொடுத்தாலும், பணம் கட்டும் முன் அங்கே ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் ஹெச்.ஆர் 'இந்த ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?' என்று கேட்பார். கேரியரில் ஒரு வருட இடைவெளி நம்மூரில் இன்னமும் உறுத்தலாகத்தான் பார்க்கப்படுகிறது. அதற்கும் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. வேலை பார்த்த இடங்களில் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள்.

நண்பன் இப்போது கெய்ர்ன்ஸில், ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறான். மேலே கூரை இருப்பதால் மழை பற்றிக் கவலையில்லை. வளையலை மீட்டாகிவிட்டது. 88-ல் 61 நாள் முடிந்திருக்கிறது, சம்பளச் சீட்டோடு. போன வாரம் பேசும்போது, "அப்பாகிட்ட கேளு, நம்ம தோப்புல இந்த வருஷம் என்ன விலை போச்சுன்னு" என்றான். ஏன்டா, நீயே கேட்க வேண்டியதுதானே என்றேன். "நான் கேட்டா, கத்துட்டு வந்தல்ல, வந்து நீயே தூக்குடாம்பாரு" என்றான்.